பத்து கொடுத்தவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. புயலுக்குப் பிறகு நான்கு நாள் ரயில் ஓடவில்லை. ஐந்தாம் நாள், திங்கட்கிழமை காலை, கும்மிடிப்பூண்டிக்கு விட்ட முதல் வண்டியில் நான் இருந்தேன். பொன்னேரியைத் தாண்டியதும் மூன்று கிலோமீட்டர் தூரத்தை அந்த வண்டி பதினெட்டு நிமிடத்தில் கடந்தது. சைக்கிளில் போகிறவன் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு முந்திப் போனான். அந்தப் பதினெட்டில் குறைந்தது எட்டு நிமிடம் நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாத ஆளைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அவர் திருப்பிப் பேசமாட்டார்.

அன்று அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை. நடந்தது மொத்தமே ஒரு நிமிடம் இருக்கும். அதற்கு முன்னால் என்ன இருந்திருக்கும், பின்னால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இட்டுக்கட்டியதுதான் மீதியெல்லாம். ரயில்வேக்காரர்கள் படித்தால் பிழை கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கட்டும். தண்டவாளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விதி அதைக் குறுக்கே கடக்கக் கூடாது என்பது. அதையும் நான் மதித்ததில்லை.

2

எப்படித் தொடங்குவது?

"புயல் கரையைக் கடந்த அன்று ஆரணி ஆறு தன் கோபத்தையெல்லாம் —"

வேண்டாம். ஆறு கோபப்பட்டதாக எழுதுவது சுலபம். தண்ணீர் பள்ளம் இருந்த பக்கம் போனது, அவ்வளவுதான்.

"அடியில் ஜல்லியும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் தண்டவாளம் அந்தரத்தில் தொங்க —"

இது உண்மை. ஆனால் செல்போன் வைத்திருந்த அத்தனை பேரும் இதைத்தான் படம் எடுத்து அனுப்பினார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், எனக்கும் அனுப்பியிருப்பீர்கள்.

"திலகவதி சுத்தியலால் கட்டையைத் தட்டிவிட்டுக் காதைத் தாழ்த்தினாள்."

இது போதும். இதிலிருந்து போகலாம்.

3

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிமென்ட் உத்தரத்தைத்தான் பாதையைப் பராமரிக்கும் ஆட்களின் குழுவான கேங்கில் கட்டை என்கிறார்கள். ஒரு காலத்தில் மரமாக இருந்ததாம், பெயர் மட்டும் மாறவில்லை. கட்டைக்குக் கீழே ஜல்லி இறுகக் கிடந்தால் தட்டும்போது ஒரு சத்தம். அடியில் வெற்றிடம் இருந்தால் வேறு சத்தம். நிறைகுடத்தைத் தட்டுவதற்கும் காலிக் குடத்தைத் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே வண்டி ஏறும்போதுதான் காலிக் கட்டை கீழே இறங்கும்.

தன் பகுதி தண்டவாளத்தை தினமும் நடந்து பார்க்கும் வேலை திலகவதிக்கு. வயது முப்பத்தாறு. பி.காம். படித்தவள். ரயில்வே தேர்வு எழுதி, தேர்வாகி, கையில் போல்ட் முடுக்கும் ஒரு நீளமான சாவியும் சுத்தியலும் கொடுக்கப்பட்டபோது இரண்டு நாள் அழுதவள். மூன்றாம் நாள் அழுகை நின்றுவிட்டது, வேலை பிடித்துப்போய்விட்டது. ஏன் பிடித்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. தான் நடந்துபோன பாதையில் பத்து நிமிடம் கழித்து ஆயிரம் பேர் பறப்பதைப் பார்த்தால் நெஞ்சு நிமிரும் என்று ஒருமுறை கணவனிடம் சொல்லியிருக்கிறாள்.

[முதல் வரைவில் அவளுடைய அப்பாவையும் ரயில்வேக்காரராக்கி, பாதை சரியில்லாத ஒரு விபத்தில் அவரைக் கொன்றிருந்தேன். அதனால்தான் மகள் இவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்று வரும். எழுதி முடித்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து படித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷி தன் வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு ஒரு பிணம் எதற்கு? அப்பாவை உயிர்ப்பித்துத் திருப்பாச்சூரில் ஒரு மளிகைக் கடையில் உட்காரவைத்துவிட்டேன். நலமாக இருக்கிறார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.]

அந்த நான்கு நாளும் திலகவதியின் கேங் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மணல் மூட்டை அடுக்கி, ஜல்லி கொட்டி, கட்டைக்கடியில் அடித்து அடித்து இறுக்கியது. ஞாயிறு மாலை பாதை பார்க்கப் பாதை மாதிரி ஆகிவிட்டது.

4

இனி அவளுடைய கணவன் அன்புராஜ். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்பு உறை வார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. (கம்பெனி பெயர் கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை.) ஏழு வருடமாகக் கான்ட்ராக்ட். வருகிற தை மாதம் ஆறு பேரை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள், பட்டியலில் அவன் பெயர் நான்காவது.

சனிக்கிழமை கான்ட்ராக்டரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. திங்கள் காலை ஏழு மணிக்கு கேட்டுக்குள் இல்லாதவனின் பாஸ் வேறு ஆளுக்குப் போகும், பட்டியலிலும் அந்த ஆள்தான். குரலில் கோபம்கூட இல்லை. ஷெட்டிலேயே தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்கள் நான்கு நாளும் வேலைக்கு வந்துவிட்டார்கள், அதனால் கான்ட்ராக்டருக்கு அவசரமும் இல்லை.

கேட்டில் ஸ்டீபன் என்றொரு காவலாளி. ஏழு அடித்ததும் சாத்திவிடுவார். மோசமான மனிதர் இல்லை. சாத்தச் சொல்லியிருக்கிறார்கள், சாத்துகிறார்.

ஒரு சின்னக் கணக்கு, பயப்படாதீர்கள். பழுதான பாதை மூன்று கிலோமீட்டர். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம் கொடுத்தால் ஆறு நிமிடம். பத்து கொடுத்தால் பதினெட்டு. முப்பதில் வந்தால் வண்டி கும்மிடிப்பூண்டிக்கு ஆறு முப்பத்தைந்து. பத்தில் வந்தால் ஆறு நாற்பத்தேழு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கம்பெனி கேட்டுக்குப் பதினைந்து நிமிடம். அதாவது முப்பது என்றால் டீ குடித்துவிட்டுப் போகலாம். பத்து என்றால் ஏழு மணி இரண்டு நிமிடம்.*

* பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். அவர்களுடைய ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் தரைப்பாலம் தண்ணீருக்குள் இருந்தது. நடந்து போயிருக்கலாமே என்பீர்கள். வெள்ளிக்கிழமை தண்டவாளத்தின் மேலேயே நடக்கப் பார்த்தான், உடைப்பில் நின்ற கேங் அவனைத் திருப்பி அனுப்பியது. திருப்பி அனுப்பியவர்களில் அவன் மனைவியும் உண்டு.

இன்னொரு கேள்வியும் வரும், அதையும் முடித்துவிடுகிறேன். அரசாங்கச் சம்பளம் வாங்கும் மனைவி இருக்கும்போது இவனுக்கு வேலை போனால் என்ன, சோற்றுக்கா பஞ்சம்? பஞ்சமில்லை. ஆனால் ஊரில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரயில்வேக்காரி ஊட்டுக்காரன்' என்றுதான் சொல்வார்கள். டீக்கடையிலும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களும் அப்படித்தான். அவனும் சிரித்துக்கொள்வான். ஏழு வருடம் சிரித்தால் யாருக்கும் வாய் வலிக்கும். நிரந்தரமானவர்களுக்கு அந்தக் கம்பெனியில் ஒரு நீல அட்டை உண்டு, கழுத்தில் தொங்கும், அதில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவனுக்கு அந்த அட்டை வேண்டும். திலகவதிக்கும் அவனுக்கு அது கிடைக்க வேண்டும் என்ற ஆசை அவனைவிட அதிகம்.

5

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிநேரம் அவள் வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். சாப்பிட உட்கார்ந்தாள். அன்புராஜ் அவளுடைய ஈர ஷூவை அடுப்புப் பக்கம் சாய்த்துவைத்துவிட்டு அவளுக்கு ரசம் ஊற்றினான். வேகத்தை முடிவு செய்வது மேலே இருப்பவர்கள்தான், ஆனாலும் கையெழுத்துப் போடும் இன்ஸ்பெக்டர் துளசிராமன் திலகவதியைக் கேட்காமல் ஒரு எண்ணும் எழுதமாட்டார். இது ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா?

"முப்பது குட்துடு, திலகா," என்றான்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கட்டை இன்னா சொல்லுதோ அதான்," என்றாள்.

"கட்டைக்கு வாய் கீது. எனக்குத்தான் இல்ல."

அவன் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். எழுந்துபோய் அவன் தோளில் கை வைக்கலாம் என்று நினைத்தாள். கை வைத்தால் வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

[இந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு குழந்தையைக் கொடுத்து, அதன் பள்ளிக் கட்டணத்தையும் கொண்டுவந்து உங்கள் கண்ணைக் கசக்கவைத்திருக்கலாம். செய்யவில்லை. இருவருக்கும் நடுவில் இருப்பதே போதுமான அளவு கனக்கிறது.]

6

திங்கள் காலை ஐந்தரை. வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெட்டி இல்லாத வெறும் எஞ்சினைப் பாதையில் மெல்ல ஓட்டிப் பார்த்தாயிற்று, பாதை தாங்கியது. கேங் ஆட்கள் கரைமேட்டில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்து நாஷ்டா சாப்பிட்டார்கள். எல்லோர் முகத்திலும் முடித்துவிட்டோம் என்ற களைப்பு.

திலகவதி மட்டும் இன்னொருமுறை நடந்தாள். சிறு ஓடைமேல் ஒரு குட்டிப் பாலம் இருக்கிறது, அது முடியும் இடத்தில் தட்டினாள். காலி. அடுத்ததைத் தட்டினாள். அதுவும் காலி. எண்ணிக்கொண்டே போனாள், பதினொரு கட்டை. நேற்று இறுக்கமாகத்தான் இருந்தது. தண்ணீர் குடித்து ஊறிய கரை எஞ்சினின் எடையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டது. மறுபடி ஜல்லி அடைக்க வேண்டும், கையில் ஜல்லி இல்லை, ஏற்றிவரும் வண்டி பகல் பன்னிரண்டுக்குத்தான் வரும்.

துளசிராமன் வந்தார். நான்கு நாளாக அதே சட்டை. அவருடைய போன் நிமிடத்துக்கொருமுறை அடித்தது, ஒவ்வொரு முறையும் முப்பது என்ற சொல்தான் அதிலிருந்து வந்தது. அவர் அவளிடம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார்.

அவளுக்குத் தெரிந்த அத்தனையும் அப்போது ஒரே நேரத்தில் மனதில் வந்து நின்றது. எஞ்சின் தாங்கியது. முப்பதில் போனாலும் தாங்கலாம். நூற்றில் தொண்ணூறு தாங்கும். மீதிப் பத்தை நினைத்தாள்.

"பத்து, சார்."

அவர் அவளைப் பார்த்தார். அவருக்கும் ஏழு மணி கேட் விஷயம் தெரியும். உன் வீட்டுக்காரனும் இந்த வண்டியில்தானேம்மா போகிறான் என்றார், மெதுவாக.

"ஆமா சார். அவரும் இந்த வண்டிலதான் வர்றாரு. அதான் பத்து."

(இந்த வசனத்தை மூன்று முறை அடித்தேன். யாராவது இப்படிப் பேசுவார்களா என்ற சந்தேகம். பிறகு யோசித்தபோது, அவள் பஞ்ச் அடிக்கவில்லை, காரணம் சொல்கிறாள். இருக்கட்டும்.)

துளசிராமன் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போனை எடுத்துத் திட்டு வாங்கத் தயாரானார். அந்த மனிதரை வைத்துத் தனியாக ஒரு கதை எழுதலாம், இதில் இடமில்லை.

அந்த கேங்கில் ஒரு வழக்கம். பாதை சரியென்று சொல்லி எண்ணைக் கொடுத்தவர், அந்தப் பாதையில் ஓடும் முதல் வண்டியில் ஏறிப் போக வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. வாயால் சொன்னவர் உடம்பையும் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். திலகவதி சுத்தியலைக் கழுவி எடுத்துக்கொண்டு, பொன்னேரி ஸ்டேஷனுக்குக் காலி ஜல்லி டிராலியில் போனாள்.

[இப்படி ஒரு வழக்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் அந்த வண்டியில் ஏன் இருந்தாள் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, உருவாக்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் இருக்க வேண்டிய வழக்கம்.]

7

இங்கே நான் கதைக்குள் வந்தாக வேண்டும். மீஞ்சூரில் ஏறியவன், ஜன்னலோரம் இடம் பிடித்தவன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்குக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தலைப்பு: 'பணியிடப் பாதுகாப்பு – நாற்பது விதிகள்'. சிரிக்காதீர்கள், இது கட்டுக்கதை இல்லை.

பொன்னேரியில் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறியது. ஆரஞ்சுச் சட்டைக்காரி வாசலோரக் கம்பியைப் பிடித்து நின்றாள். அதே வாசலில் ஏறிய ஒருவன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். அவன் இரண்டு ஆள் தள்ளி நின்றுகொண்டான். இருவரையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது எந்தக் காரணமும் இல்லை.

வண்டி ஊர்ந்தது. பாதையோரம் நட்டிருந்த பலகையில் 10 என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வாட்ச்சைப் பார்த்தார்கள். ஷிப்ட், கேட், அரைநாள் சம்பளம் என்ற சொற்கள் பெட்டிக்குள் உருண்டன. பேஜாரான ஒரு பெரியவர் கையை நீட்டி வண்டியைத் தள்ளுவது போல் காட்டினார். நான்தான் முதலில் வாய் திறந்தேன். எட்டு நிமிடப் பேச்சில் கடைசியாக வந்தது மட்டும் சொல்கிறேன்.

"எந்த மடையன்யா பத்து குட்தான்? ஏசில உக்காந்துகினு போட்டுடறானுங்க."

திலகவதி திரும்பவில்லை. அவளுடைய காது சக்கரத்தில் இருந்தது, குட்டிப் பாலம் இன்னும் வரவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்த கை இறுகியது. அந்த ஆள் சொல்வதைத் தன் கணவனும் கேட்கிறான், அவன் மனதிலும் அதே சொல்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டு ஆள் தள்ளி நின்றவன் என் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது. என்மேல் கோபமா வேறு யார்மேலாவதா என்று சொல்ல முடியாத முகம்.

"என் பொண்டாட்டிதான் குட்தா," என்றான். "ஏசில இல்ல. நாலு நாளா இடுப்பு மட்டும் தண்ணில நின்னுகினு குட்தா. இன்னா இப்போ?"

நடந்தது இவ்வளவுதான். நீல அட்டை, வாய் வலிக்கிற சிரிப்பு, ரசம், ஈர ஷூ எல்லாம் இந்த வாக்கியத்தைக் கேட்டபின் நான் பின்னோக்கிப் போய்ச் சேர்த்தவை. அதைச் சொல்ல அந்த மனிதன் எவ்வளவு தூரம் வந்திருப்பான் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ரயில்வேக்காரி ஊட்டுக்காரன் என்பதை அவனே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பெட்டி நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்னான்.

யாரும் கைதட்டவில்லை. பெரியவர் மட்டும் "சரி, உடுப்பா" என்றார். நான் மடியிலிருந்த பாதுகாப்பு விதிகளைப் பைக்குள் தள்ளினேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குட்டிப் பாலம் வந்தது. பெட்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கவனிக்காதவர்களுக்கு அது வழக்கமான ஆட்டம். திலகவதி மூச்சை விட்டாள். அன்புராஜ் அதற்குள் அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தான்.

"தாண்டிச்சா?"

"தாண்டிச்சு."

8

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

அ) வண்டி தாண்டியதும் பின்னால் கரை சரிகிறது. முப்பதில் வந்திருந்தால் ஆற்றுக்குள் போயிருப்போம் என்று எல்லோரும் திலகவதியைக் கும்பிடுகிறார்கள். இதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது, அதனாலேயே கிழித்தேன். அவள் சொன்னது சரி என்று நீங்கள் நம்ப ஒரு கரை சரிய வேண்டுமா? பாதை பார்ப்பவர்கள் நன்றாக வேலை செய்த நாளில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யாரும் படம் எடுப்பதில்லை.

ஆ) காவலாளி ஸ்டீபனும் அதே வண்டியில்தான் வருகிறார். சாவி அவரிடம், கேட்டைத் திறக்கவே ஏழு பத்து. இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. நம் ஊரில் நடக்கக்கூடியதும்கூட. ஆனால் இதில் அன்புராஜ் இழக்க ஒன்றுமில்லாமல் போகிறது. அவன் பெட்டியில் சொன்னது இலவசமாகிவிடும்.

இ) வேலை போகிறது, அவன் குடிக்கிறான், அவள் —

இல்லை. வாக்கியத்தை முடிக்கக்கூட மாட்டேன். அந்த மனிதனை நான் பார்த்திருக்கிறேன்.

9

ஆறு நாற்பத்தேழு. கும்மிடிப்பூண்டி பிளாட்பாரம். கூட்டம் ஷேர் ஆட்டோவுக்கு ஓடியது. அன்புராஜ் நான்கடி ஓடிவிட்டுத் திரும்பி வந்தான். இரண்டு நிமிடம் குறையும்போது நான்கடி திரும்பி வருகிறவனைப் பைத்தியம் என்பார்கள்.

"சாயந்தரம் எவ்ளோ குடுப்பே?" என்றான்.

"ஜல்லி வந்துட்டா இருபது."

அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். அவள் எதிர்ப்பக்கம் புறப்பட நின்ற அதே வண்டியில் மறுபடி ஏறினாள். பதினொரு கட்டை காத்திருந்தது.

இதற்குமேல் எனக்குத் தெரியாது. ஆகவே ஸ்டீபனுக்கு இன்று லீவு கொடுத்துவிட்டேன். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏழு அடித்தது, கேட்டைச் சாத்திவிட்டீர்கள். தப்பில்லை, சொன்ன வேலையைச் செய்தீர்கள். ஏழு இரண்டுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிற்கிறது. ஒருவன் குதித்து ஓடி வந்து கம்பியைப் பிடிக்கிறான். முழங்கால் வரை சேறு. பாஸைக் கம்பிக்கிடையில் நீட்டுகிறான். ஏன் லேட்டு என்று கேட்டால், "வண்டி லேட்டு" என்று மட்டும் சொல்வான். தினமும் நாலு பேர் சொல்லும் அதே இரண்டு சொல். ரயில் பெட்டியில் சொன்னதை இங்கே சொல்லமாட்டான், தன் வேலைக்காக அவள் பேரை இழுக்கிற ஆள் இல்லை அவன்.

ஆனால் உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியும். உள்ளே கான்ட்ராக்டர் பட்டியலோடு வந்துகொண்டிருக்கிறார். சாவி உங்கள் கையில்.